தங்கையின் எண்ணை எடுத்துக்கொண்ட பெட்டி

என் தங்கை ஏறக்குறைய ஒரு வருடம் எந்தப் பொத்தானையும் தொடாமல் இருந்தாள். மின்தூக்கிக்குள் போனால் பின்னால் யாராவது வரும்வரை சும்மா நிற்பாள். துணி துவைக்கும் இயந்திரத்தில் துணியைப் போட்டு, சவர்க்காரத் தூளையும் கொட்டிவிட்டு என் கதவைத் தட்டுவாள். "அண்ணே, வந்து அமுக்கி விடுங்க." நான் போய் அமுக்குவேன். அவள் வலது கையின் ஆட்காட்டி விரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். தன் கணவரின் கடைசிப் பேச்சை அந்த விரல்தான் அறுத்துவிட்டது என்று அவள் நம்பினாள். அப்படி நம்ப வைத்தவன் நான். அறுத்தவனும் நான்தான்.

மலாக்கா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் ஒப்புக்கொண்ட கையோடு காரணம் சொல்ல ஆரம்பிப்பார்கள். குடும்பக் கஷ்டம், உடம்பு சரியில்லை, தெரியாமல் நடந்தது. தண்டனை குறைய வேண்டும் என்பதற்காக அப்படிச் சொல்வார்கள். நானும் அவர்களுடைய குரலாக நின்று 'நான் செய்தேன், எனக்குத் தெரியாது' என்று மலாயில் சொல்வேன். சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவனும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அது அந்த வேலையின் விதி. இப்போது என்னுடையதை நானே சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் படித்தேன். அவள் ஆறாம் வகுப்போடு ரப்பர் பால் வாளியைத் தூக்கிவிட்டாள். அதனால் வீட்டில் எழுத்து இருக்கிற எந்தப் பொருளும் கடைசியில் என் கைக்கு வரும். மருந்துப் புட்டி, தண்ணீர் பில், அவள் மகளின் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் அப்படித்தான். என் மனைவி காலமான பிறகு, மலாக்காவின் குருபோங்கில் அவர்கள் இருந்த பிளாட் கட்டடத்திலேயே, அதே மாடியில், அடுத்த வாசலுக்கு நான் குடிவந்தேன். தங்கையின் கணவர், என் மச்சான், அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். வாய் ஓயாத மனிதர்.

அந்தக் கட்டடத்துக்கு ஒரு சிறு நிறுவனத்தார் இணைய வசதி கொடுத்திருந்தார்கள். கீழே ஓர் அறை, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கம்பி. வீட்டுக்கு ஒரு கணினியை மட்டும் பதிந்துகொள்வார்கள். கணினி ஒவ்வொன்றுக்கும் செய்யும்போதே ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான எண். வன்பொருள் முகவரி என்று பெயர். கம்பியின் மறுமுனை அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடும். பதியாத எதைச் செருகினாலும் விளக்கு எரியும், வேறொன்றும் நடக்காது. என் வீட்டில் ஒரு பழைய மேசைக் கணினி பதிவில் இருந்தது. தங்கை வீட்டில், சிங்கப்பூரில் வேலை செய்யும் அவள் மகள் விட்டுச்சென்ற மடிக்கணினி இருந்தது.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நாளெல்லாம் வீட்டில் கிடந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க என் முதுகு ஒத்துழைக்கவில்லை. படுத்துக்கொண்டே பார்க்க ஒரு கைக்கணினி வாங்கினேன். அதற்குக் கம்பியைச் செருக இடமில்லை என்பதால் கம்பியில் வருவதைக் காற்றில் பரப்பும் ரூட்டர் பெட்டி ஒன்றையும் வரவழைத்தேன். பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தில் வழி போட்டிருந்தது. சேவை தருபவர் பதிந்த கணினியை மட்டும் ஏற்றுக்கொள்பவராக இருந்தால், அந்தக் கணினியை ரூட்டரோடு இணைத்து, 'கணினியின் முகவரியை நகலெடு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து என் மேசைக் கணினி உயிரை விட்டிருந்தது. பழுது பார்க்கும் கடைகள் மூடியிருந்தன. தங்கையிடம் மடிக்கணினியை இரவல் கேட்டேன். மச்சானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னா மச்சான், கோர்ட்ட மூடிட்டாங்கன்னு வீட்டுலயே கேஸ் நடத்துறீங்களா?"

"பேசாம இருங்க. கவனம் சிதறுது."

"சிதறட்டும் லா. நான் பஸ் ஓட்டும்போது நாப்பது பொம்பளைங்க பேசுவாங்க. நான் என்ன காட்டுலயா கொண்டுபோய் விட்டேன்?"

அந்தப் பொத்தானை அழுத்தினேன். 'பதிந்த கணினி' என்ற சொல்லை நான் படித்தேன். இதுவும் பதிந்த கணினிதானே என்று மனம் சொன்னது. எந்த வீட்டுக்குப் பதிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. விளக்கு பச்சையானது. கைக்கணினியில் படம் ஓடியது.

"பாத்தீங்களா, படிச்ச மனுசன் கைய வெச்சா வெளக்கு எரியுது" என்றார் மச்சான். "எல்லாம் தொறக்கட்டும். உம்பாய்க் கடலோரக் கடைக்குப் போவோம். சுட்ட மீனு, நீங்கதான் செலவு."

அதற்குப் பிறகு தங்கை வீட்டில் இணையம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. மகளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுவிடும் என்பாள். எனக்கும் சில வேளை படம் நின்று நின்று வரும். ஊரே வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் வேறு மாதிரி சொன்னேன். "நீ கண்டதையும் அமுக்குறே." அவள் மறுத்துப் பேசியதில்லை. அண்ணன் படித்தவர்.

பிறகு மச்சானுக்குத் தொற்று வந்தது. பஸ்ஸில் ஏறிய யாரிடமிருந்தோ வந்திருக்கும். தங்கைக்கும் எனக்கும் லேசாக வந்து போனது. அவரை மட்டும் ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். யாரும் போய்ப் பார்க்க முடியாது. மத்தியான வேளையில் வார்டிலிருந்து ஒரு தாதி, நோயாளிகளின் வீட்டாரை ஒவ்வொருவராக அழைத்து முகம் காட்டுவார். தங்கையிடம் இருந்தது பேச மட்டும் உதவும் பழைய கைப்பேசி. அவளுக்கு அந்த மடிக்கணினிதான் வழி. அழைப்பு வரும் நேரத்துக்கு முன்பே தலைசீவி, பொட்டு வைத்து, அதன் எதிரே உட்கார்ந்திருப்பாள்.

முதல் சில அழைப்புகள் நன்றாகவே வந்தன. நானும் கூட இருந்து பார்த்தேன். மச்சான் ஆக்சிஜன் முகமூடியோடு கையை உயர்த்திக் காட்டுவார். நான் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நேரங்களில் என் வீட்டில் எதுவும் ஓடவில்லை. காரணம் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

கடைசி அழைப்பு வந்த அன்று நான் போகவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கைக்கணினியில் ஒரு பட்டிமன்றம் போட்டுக்கொண்டேன். நல்ல பேச்சாளர்கள். கேட்டுக்கொண்டே கண் சொக்கியது.

கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"அண்ணே! லைன் போச்சுண்ணே! சீக்கிரம் வாங்க, அவரு பேச வாயத் தொறந்தாரு!"

கைக்கணினியைப் படுக்கையில் போட்டபடி ஓடினேன். கதவைச் சாத்தவில்லை. அவள் வீட்டு மேசையில், திரையில் மச்சானின் முகம் அசையாமல் நின்றிருந்தது. முகமூடியை ஒரு கையால் விலக்கிப் பிடித்திருந்தார். வாய் பாதி திறந்திருந்தது. கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். வந்தது, மறுபடி போனது. இரண்டு வாசல்களும் திறந்து கிடந்ததால் என் வீட்டிலிருந்து பட்டிமன்றத்துக் கூட்டம் சிரிப்பது அங்கே நன்றாகக் கேட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் எனக்கு எரிச்சல் வந்தது.

"என்ன பண்ணுனே நீ?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. அவரு கண்ணுல தண்ணி வந்துச்சு. தொடச்சு விடணும்போல இருந்துச்சு. அவரு மூஞ்சியத் தொட்டேன்."

"எத?"

"கண்ணாடியில. விரலால."

"அதான்" என்றேன். "பேசுறப்ப போய்த் தொட்டா கட்டாகாம என்ன செய்யும்?"

தொட்டால் எதுவும் ஆகாத திரை அது. எனக்கு அது தெரியும். அந்த நிமிடத்தில் ஒரு பதில் வேண்டியிருந்தது, கைக்கு எட்டிய பதிலைச் சொன்னேன்.

இணைப்புத் திரும்பி வந்தபோது தாதி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டிருந்தார். அன்று மாலையே மச்சானை மயக்கி மூச்சுக் குழாய் போட்டார்கள். அவர் பிறகு விழிக்கவில்லை. உடலை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. சுடுகாட்டில் தள்ளி நின்று, சுற்றிக் கட்டிய பெட்டியைப் பார்த்தோம்.

எங்கள் வழக்கப்படி கணவன் இறந்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அப்பா, அம்மா இல்லாத இடத்தில் அண்ணன்தான் பிறந்த வீடு. துணிக்கடைகள் மூடியிருந்தன. என் மனைவியின் அலமாரியில் பிரிக்காமல் இருந்த ஒரு சேலையை எடுத்துக்கொண்டு போனேன். கருமாதியன்று அதை அவள் தோளில் போர்த்தினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தாண்ணே கட் பண்ணிட்டேன். அவரு என்னமோ சொல்ல வந்தாரு" என்றாள். "விடு, விடு" என்றேன். அது அவளைத் தேற்றுகிற பேச்சு என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதை ஆமோதித்திருக்கிறேன்.

சில வாரங்கள் கழித்து மடிக்கணினியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். "இத நீங்களே வெச்சுக்குங்க. என் கண்ணு முன்னால வேணாம்."

என் மேசைக் கணினி திரும்பவும் உயிர் பெறவில்லை. ஆகவே மடிக்கணினியை ரூட்டரோடு இணைக்க உட்கார்ந்தேன். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். வெளியுலகுக்கு அது காட்டும் எண் அங்கே இருந்தது. மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டை எதற்கோ திருப்பிப் பார்த்தேன். அதே எண். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. நீதிமன்றத்தில் அடையாள அட்டை எண்களைச் சரிபார்த்துப் பழகிய கண் எனக்கு. இருந்தும் விரல் வைத்து மறுபடி படித்தேன்.

நகலெடு என்ற பொத்தான் சொன்னதைச் செய்திருந்தது. இணைத்திருந்த கணினி எதுவோ அதன் எண்ணை எடுத்துக்கொண்டது. அதுமுதல் என் வீட்டுப் பெட்டி, நான்தான் அந்த மடிக்கணினி என்று கீழ் அறைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கீழ் அறைக்கு ஒரே பெயரில் இரண்டு வாசல். கடைசியாக யார் குரல் கேட்டதோ அந்த வாசலுக்கு அனுப்பும். நான் சும்மா இருந்தால் தங்கைக்கு வரும். நான் பட்டிமன்றம் போட்டால் அவளுக்கு வர வேண்டியதும் என் பக்கம் திரும்பிவிடும்.

மனம் அப்போதும் ஒரு சந்து தேடியது. வேறு காரணம் இருக்கலாமே என்றது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சரிபார்க்கிறேன் என்று சொல்லி அவள் கம்பியில் செருகினேன். என் வீட்டில் கைக்கணினியை ஓட விட்டிருந்தேன். அவள் மேசையில் படம் நின்றது, ஓடியது, நின்றது. என் வீட்டுக்குப் போய் ரூட்டரை அணைத்துவிட்டு வந்தேன். படம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்ப சாமான் நல்லாத்தான் இருக்கு."

நான் கம்பியைக் கழற்றினேன்.

"அன்னைக்கு என் விரலுதான்" என்றாள். சொல்லிவிட்டு அந்த விரலைப் பார்த்தாள்.

உண்மை வாய்வரை வந்தது. அவள், "ரசம் ஆறுது, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன். அன்றே ரூட்டரிலிருந்த எண்ணை அழித்தேன். பிறகு புதுக் கணினி ஒன்று வாங்கி, அதை நிறுவனத்தாரிடம் என் வீட்டுக்குப் பதிந்து, அதன் எண்ணை ரூட்டருக்குக் கொடுத்துச் சரிசெய்தேன். இனி ஒருவருக்கும் தொந்தரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விரலை மடக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் தொலைக்காட்சி, பிறகு சலவை இயந்திரம், பிறகு மின்தூக்கி. மகள் கைப்பேசியில் அழைத்தால்கூட பக்கத்தில் யாராவது இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் நான்தான். கேட்பவர்களிடம், "எனக்கு இதெல்லாம் கை ராசி இல்லை" என்பாள். மச்சான் என்ன சொல்ல வந்திருப்பார் என்று என்னிடம் மட்டும் பேசுவாள். ஒரு நாள், பஸ் சாவியை முதலாளியிடம் கொடுக்கச் சொல்லியிருப்பார் என்பாள். இன்னொரு நாள், "உம்பாய்க்குப் போகணும்னு சொல்லியிருப்பாரு. அந்த மனுசனுக்கு வயிறுதானே முக்கியம்" என்று சிரிக்கப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அவள் கதவைத் தட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. மனைவி போன பிறகு என்னைத் தேடி வந்த சத்தம் அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அது நின்றுவிடும் என்று தெரியும். அவளுடைய துன்பத்தில் ஒரு பங்கை என் வசதிக்காக நான் வளர்த்தேன்.

முதல் திவசம் வந்தது. மகள் நிறைமாதம், பயணம் செய்யக் கூடாது. படையல் போடுவதை மடிக்கணினியில் காட்டச் சொன்னாள். என்னிடம் இருந்ததைக் கொண்டுபோய்த் தங்கை வீட்டுக் கம்பியில் செருகினேன். இலை போட்டு, மச்சானுக்குப் பிடித்த பொரித்த மீனும் வைத்தாயிற்று. தங்கை அந்தக் கணினியைத் தொட மறுத்துத் தள்ளி உட்கார்ந்தாள்.

"நீங்க அமுக்குங்கண்ணே. நான் அமுக்குனா இதுவும் போயிடும். அவ புள்ளத்தாச்சி."

படத்தில் மச்சான் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். நான் பொத்தானை அழுத்தவில்லை.

"உன் விரலால ஒண்ணும் ஆகல" என்றேன். "அன்னைக்கு லைன அறுத்தது நான்."

அவளுக்குப் புரியவில்லை. ரூட்டர் வாங்கியதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவள் கணினியின் நம்பரை என் பெட்டிக்குப் போட்டுவிட்டேன் என்றேன். நான் எதையாவது பார்த்தால் அவளுக்கு அறுந்துபோகும் என்றேன். அன்று பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது என்றேன். தெரிந்த பிறகும் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். தெரியாமல் நடந்தது என்ற வாக்கியம் நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"எவ்ளோ நாளா தெரியும்?"

"நீ லேப்டாப்ப என்கிட்ட குடுத்தப்பவே."

அவள் இலையில் ஒரு வடை சாய்ந்திருந்ததை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, வழக்கமாகத் தெரியாததைக் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"அப்ப, அவரு சொன்னது உங்க வீட்டுக்கு வந்துச்சா?"

நான் அந்தக் கேள்வியை அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. கொஞ்சம் யோசித்ததும் பதில் கிடைத்தது. இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது?

"வந்திருக்கும்" என்றேன்.

"வந்து?"

"அது யாருக்குன்னு பெட்டிக்குத் தெரியாது. நான் கேட்டதுன்னா எனக்குக் குடுக்கும். இத யாரும் கேக்கலன்னு கீழ போட்டுடும்."

"அப்ப எங்கயும் இல்ல?"

"இல்ல."

நாற்பது வருடம் அடுத்தவர் பேச்சை ஒரு சொல் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். என் மச்சானின் பேச்சு என் படுக்கைக்குப் பக்கத்துப் பெட்டிவரை வந்து, கேட்பாரில்லாமல் விழுந்தது. அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

தங்கை எழுந்தாள். மடிக்கணினியை இழுத்து வைத்துக்கொண்டாள். முந்தானையால் திரையைத் துடைத்தாள். மடக்கியிருந்த விரலை நீட்டி, விசைப்பலகைக்குக் கீழே தடவி அம்புக்குறியை மகளின் படத்துக்குக் கொண்டுபோய், அவளே அமுக்கினாள். மணி அடித்தது. மகளின் முகம் தெளிவாக வந்தது.

"யம்மா! நீங்களா அமுக்குனீங்க? மாமா எங்க?"

"இங்கதான் இருக்காரு" என்றாள் தங்கை. என் பக்கம் கணினியைத் திருப்பவில்லை. "அப்பாவப் பாரு. கும்பிட்டுக்க."

சூடம் காட்டியதும் நானும் கும்பிட்டேன். பிறகு வழக்கம்போல எனக்கு இலை போட்டாள். மீன் வைத்தாள். போதுமா என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் என் கதவைத் தட்டியதில்லை. மின்தூக்கியில் ஒன்றாக ஏற நேர்ந்தால் அவளே பொத்தானை அமுக்குகிறாள். கடிதங்களை மடிக்கணினியின் முன்னால் பிடித்து மகளிடம் காட்டிக் கேட்டுக்கொள்கிறாள். மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தியை மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லிவிடக் கூடும். அதையும் அவளிடம் வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

சாப்பாடு மட்டும் வருகிறது. மத்தியானம் என் வாசலில் செருப்பு அலமாரியின் மேல் மூடிய பாத்திரம் இருக்கும். எப்போது வைத்தாள் என்று தெரியாது. கதவைத் திறந்து அதை எடுக்கும்போது பக்கத்து வாசல் மூடியிருக்கும். உள்ளே சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.